பெரம்புலேட்டர் கமிட்டி

துரைக்கு ஆண் குழந்தை பிறந்த மூன்றாம் நாள் காலை, தோட்டத்துத் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி அம்பிகைபாகன் ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு அவசரக் கூட்டம் கூட்டினார். கூட்டம் என்றால் மூன்று பேர். தலைவர் அவர், தொழிலாளர் சார்பில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தங்கராஜு, குறிப்பு எழுதச் சின்னக் கிராணி சேது.

துரை என்பதெல்லாம் பழக்க தோஷம். மலேயாவை விட்டு வெள்ளைக்காரர்கள் போய், கம்பெனி கைமாறி, ரப்பர் மரம் பாதி எண்ணெய்ச் செம்பனையாகிவிட்டது. இந்த எண்பத்து நாலாம் வருஷத்தில் மேனேஜராக வந்திருந்தவர் ரஸாலி என்ற முப்பத்து நாலு வயதுக்காரர். 'துரை வேண்டாம், மலாய் வழக்கப்படி என்சிக் ரஸாலி என்றே கூப்பிடுங்கள்' என்று வந்த அன்றே சொன்னார். பெரிய கிராணி அதைப் பணிவோடு கேட்டுக்கொண்டு, மறுநாளிலிருந்து 'துரை அவர்கள்' என்று ஓர் 'அவர்கள்' கூட்டிக்கொண்டார்.

"பால்மா டின், துவாய் எண்டு குடுத்து மானத்தை வாங்கக்கூடாது" என்றார் அம்பிகைபாகன். "பெரம்புலேட்டர் குடுப்பம்."

"அப்படின்னா என்னாங்கய்யா?" என்றார் தங்கராஜு.

"பிள்ளையை வச்சுத் தள்ளுற வண்டி."

"ஓ, பிராமு!"

"பிராம் எண்டு சொல்லாதையும். அது சைக்கிள் கடைக்காரன்ட பேச்சு. பெரம்புலேட்டர்."

பிறகு ஐம்பத்தைந்தாம் வருஷத்துக் கதை வந்தது. வராமல் இருக்காது. அப்போதிருந்த வெள்ளைக்கார மேமுக்குக் கப்பலில் ஒரு வண்டி வந்ததாம். குதிரை பூட்டாத குறையாம். ஒருநாள் ஆயா செருப்பு வாரைச் சரி செய்யக் குனிந்தபோது, பத்தொன்பது வயது அம்பிகைபாகனிடம் கைப்பிடியைக் கொடுத்தாள். சேது வேலைக்குச் சேர்ந்த வருஷம் இந்தக் கதையில் அவர் ஒரு நிமிஷம்தான் பிடித்துக்கொண்டு நின்றார். போன வருஷம் கேட் வரை தள்ளினார். இன்று பங்களாவிலிருந்து ஆபீஸ் வரை தள்ளி வந்துவிட்டார்.

"ஐயா, எதுக்குக் கடைக்கெல்லாம்?" என்றார் தங்கராஜு. "நம்ம தம்பி வூட்டுலயே ஒண்ணு புதுசா..."

சொல்லி முடிக்கவில்லை. 'நம் தம்பி வீட்டிலேயே ஒன்று புதிதாக' என்று சேது குறிப்புப் புத்தகத்தில் எழுதி முடித்துவிட்டான். அதைப் படித்துப் பார்த்த பிறகுதான் அந்தத் தம்பி தானேதான் என்பது அவனுக்குத் தெரிந்தது. ஒரு கோடு போட்டு அடித்தான். கோடு நேராக இருந்தது.

பிப்ரவரியில் வாங்கிய வண்டி. கருநீலம், வெள்ளை முக்காடு, பெரிய பெரிய நாலு சக்கரம். அவன் மனைவி அமராவதி தேர்ந்தெடுத்தது. அவள் ரவாங்கில் பேக்டரி வேலை பார்த்த பெண். பிள்ளை பிறக்கும் முன்னே எதுவும் வாங்கக்கூடாது, ஒரு சட்டைகூடத் தைக்கக்கூடாது என்ற தொழிலாளர் லயத்துச் சட்டமெல்லாம் அவளிடம் செல்லாது. வண்டி வந்த அன்று ஊரே வந்து அதைத் தள்ளிப் பார்த்தது. மார்ச்சில் பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றதும், அதே ஊர், 'நாங்க அப்பவே நெனைச்சோம்' என்றது. அப்போது நினைத்தவர்கள் வரிசையில் நின்று தள்ளியது ஏன் என்று சேது கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. மூன்று மாதமாக அவனுக்கு எதுவும் தோன்றவில்லை. தேநீரில் சர்க்கரை இருந்தாலும் குடித்தான், இல்லாவிட்டாலும் குடித்தான். யார் என்ன சொன்னாலும் 'சரி' என்றான். ஆஸ்பத்திரியில் நீட்டிய தாளுக்குச் சரி, தங்கராஜு குழி வெட்ட ஆள் அனுப்பவா என்றதற்குச் சரி, மறுவாரமே ஓவர்டைம் பார்க்க முடியுமா என்று பெரிய கிராணி கேட்டதற்கும் சரி.

அம்பிகைபாகன் தொண்டையைச் செருமினார். "அதுவும் ஒரு யோசனைதான். முதல்ல கடையில பாப்பம். கிடைக்காட்டிப் பிறகு அதைப் பாப்பம். தம்பி, நீரும் வாரும். உமக்கு வாங்கின அனுபவம் இருக்கு."

"சரிங்கய்யா" என்றான் சேது.

மத்தியானம் சாப்பிடும்போது அமராவதியிடம் சொன்னான். வண்டி முன் அறையில், வந்த இடத்திலேயே நின்றது. கைப்பிடியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதைச் சுற்றிப் போய்த்தான் இருவரும் கதவைத் திறப்பார்கள், மூடுவார்கள்.

"நம்மளத கேப்பாங்க" என்றாள்.

அவன் ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

"அத யாருக்கும் குடுத்துராதீங்க."

மூன்று மாதத்தில் அவள் அவனிடம் கேட்டது இது ஒன்றுதான்.

"சரி" என்றான்.

அமராவதி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சரி எல்லாருக்கும் கிடைப்பது என்பது அவளுக்கும் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் கமிட்டி கோலசிலாங்கூருக்குப் புறப்பட்டது. வாகனம், பெரிய கிராணியின் மோரிஸ் மைனர். அது மணிக்கு இருபத்தைந்து மைலுக்கு மேல் போனால் மரியாதைக் குறைவு என்று நினைப்பவர் அவர். கம்போங் குவாந்தான் திருப்பத்தில் ஒரு கிழவர் சைக்கிளில் அவர்களை முந்திக்கொண்டு போனார். பின் ஸீட்டில் தங்கராஜு சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தார். முன்னால் உட்கார்ந்திருந்த சேதுவும் வெளியே பார்த்தான். செம்பனை போனது; பிறகு இன்னும் கொஞ்சம் செம்பனை போனது.

சைக்கிள் கடைதான் அந்த ஊரில் பிள்ளை வண்டிக் கடையும். கூரையிலிருந்து சக்கரங்கள் தொங்கின. சீனக் கடை முதலாளியான தவுக்கே முப்பது வருஷமாகத் தோட்டத்து ஆட்களிடம் வியாபாரம் செய்து, தமிழைத் தன் வசதிக்கு வளைத்துக்கொண்டவர்.

"பெரம்புலேட்டர் ஒண்டு வேணும்" என்றார் அம்பிகைபாகன், கோர்ட்டில் நிற்பது போல.

தவுக்கே உள்ளே போய், கோடு போட்ட துணியும் மெல்லிய குழாயுமாக ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். தரையில் ஒரு தட்டுத் தட்டினார், விரிந்தது. காலால் ஓர் உதை விட்டார், சுருங்கியது.

"என்ன இது? குடையோ?"

"புது மாடல் லா, ஐயா. தைவான். பஸ்ல ஏறலாம், மடக்கலாம், சின்னது."

"துரை அவர்களின்ட பிள்ளை ஏன் பஸ்ஸில ஏறப்போகுது?"

தங்கராஜு பக்கத்தில் கிடந்த கோழித் தீவன மூட்டையைத் தூக்கி அதில் உட்கார வைத்து, இரண்டு அடி தள்ளிப் பார்த்தார். "ஓடுதுங்கய்யா. ஆனா நம்ம செம்மண் ரோட்டுல நாலே நாளு, அப்புறம் சக்கரம் ஒரு பக்கம், புள்ள ஒரு பக்கம்."

அப்போதுதான் தவுக்கே சேதுவைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஐயோ, நீயா! பெரிய ப்ளூ வண்டி வாங்கினது நீதானே? பொண்டாட்டி வயிறு பெருசா வந்துச்சே! பேபி வந்துருச்சா?"

"வந்துச்சு" என்றான் சேது. அது உண்மைதான்.

"பையனா?"

"பையன்."

"இப்போ எத்தன மாசம்?"

சேது கணக்குப் போட்டான். மார்ச், ஏப்ரல், மே. ஆபீஸில் கூட்டல் போடுவது போலத்தான் போட்டான்.

"மூணு மாசம்" என்றான்.

பக்கத்தில் அம்பிகைபாகனின் செருப்பு ஒருமுறை தேய்ந்தது. தங்கராஜு தீவன மூட்டையை இறக்குவதற்குக் குனிந்தவர் நிமிரவில்லை.

"குண்டா இருக்கா?"

"நல்ல குண்டு."

"பால் குடிக்குதா?"

"குடிக்கிறான்."

வார்த்தைகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் வாயைவிட்டுப் போன பிறகு இன்னொன்றுக்கு அங்கே இடம் இருந்தது. உடம்பில் எங்கேயாவது வலிக்கும் என்று சேது எதிர்பார்த்தான். எங்கேயும் வலிக்கவில்லை. கடையில் ரப்பரும் கிரீஸும் மணந்தன. அது மட்டும் புதிதாகத் தெரிந்தது; எத்தனையோ நாளாக எதிலும் மணம் தெரிந்ததில்லை.

"ஐயாவுக்குப் பெருசு வேணும்னா, இவரு வாங்கினது மாதிரிதான் வேணும்" என்றார் தவுக்கே. "ஆனா ஒண்ணுதான் வந்துச்சி. இனிமே வராது. தாடா, கிடையாது."

அம்பிகைபாகன் சேதுவின் பக்கம் முழுதாகத் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் அடுத்து வருவது உத்தரவு. ஆனால் வேண்டுகோள் மாதிரி வரும்.

"தம்பி, நான் மனம் நோகச் சொல்லேல்ல. பொருள் எண்டா பயன்படவேணும். துரை அவர்கள் வீட்டுக்குப் போறது அதுக்கும் ஒரு கௌரவம். உம்மட வீட்டில அது சும்மாதானே நிக்குது?"

சேதுவின் வாய் பழக்கப்படி திறந்தது. சரிங்கய்யா என்று வரவேண்டிய இடம்.

"சும்மா நிக்கலைங்கய்யா" என்றான். "புள்ள அதுலதான் தூங்குறான்."

பெரிய கிராணி கண்ணாடியை மூக்கில் வைக்க மறந்துவிட்டார். தவுக்கே இரண்டு கையையும் ஆட்டினார்.

"அய்யய்யோ, அத எடுக்கக் கூடாது! பேபி தூங்குற எடம் மாத்தினா ராத்திரி பூரா அழும் லா!"

"அழுவான்" என்றார் தங்கராஜு.

அவர் நிமிர்ந்திருந்தார். தீவனத் தூசியைக் கையிலிருந்து தட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், உரக்கச் சொன்னார்: "சரியான தொண்ட தவுக்கே அவனுக்கு. அழுதான்னா எங்க லயம் வரைக்கும் கேக்கும். என் பொண்டாட்டி திட்டுவா. இல்லைங்களாய்யா?"

இப்போது மூன்று பேரும் பெரிய கிராணியைப் பார்த்தார்கள். முப்பது வருஷ உத்தியோகத்தில், தான் தயார் செய்யாத ஒரு பதிலைச் சொல்லும்படி அவரை யாரும் நிறுத்தியதில்லை. அவர் கடைக் கூரையைப் பார்த்தார். அங்கே தொங்கிய சக்கரங்களில் உதவி எதுவும் இல்லை.

"ஓம்" என்று தலையாட்டினார். பிறகு, அது போதாது என்று அவருக்கே பட்டதோ என்னவோ, "நல்ல... நல்ல பிள்ளை" என்றார்.

கமிட்டி குடை மாடலை ஒரு மனதாகத் தேர்ந்தெடுத்தது. புறப்படும்போது தவுக்கே ஒரு சின்னப் போத்தலைச் சேதுவின் கையில் திணித்தார். சக்கரத்துக்கு விடுகிற எண்ணெய். "மூணு மாசம் ஓடுச்சுல்ல, இப்போ சத்தம் போடும். ஒரு சக்கரத்துக்கு ரெண்டு சொட்டு."

அன்று மாலையே பங்களாவில் வழங்கும் விழா. குடைக்குச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. அம்பிகைபாகன் மூன்று பக்க ஆங்கில உரையைப் படித்தார். அதில் 'பெரம்புலேட்டர்' ஒன்பது முறை வந்தது. அரைக்கால் சட்டையோடு நின்று கேட்ட ரஸாலி, நன்றி என்று மலாயில் சொல்லி, வண்டியை அழுத்திப் பார்த்தார். தன் கோல்ப் பை இதில் நிற்குமா என்று விளையாட்டாகக் கேட்டார். நிற்கும் என்று பெரிய கிராணி உறுதி கூறினார்.

பிள்ளை உள்ளே ஹாலில் இருந்தது. உத்தரத்தில் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் தூளியாக ஒரு சாரோங், சாரோங்குக்குள் பிள்ளை. லயத்தில் எல்லா வீட்டிலும் தொங்குவதற்கும் இதற்கும் வித்தியாசம், ஸ்பிரிங் கொஞ்சம் புதிது என்பதுதான். அம்பிகைபாகன் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். சேது நின்று பார்த்தான். துணி மடிப்பிலிருந்து ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஐந்து விரல் இருந்தன. அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இறங்கி வீட்டுக்கு நடந்தான்.

அமராவதி கதவருகிலேயே நின்றிருந்தாள். அவன் பின்னால் யாராவது வண்டியைத் தூக்க வருகிறார்களா என்று பார்த்தாள். யாரும் வரவில்லை.

"என்ன வாங்குனீங்க?"

"மடக்குற மாதிரி ஒண்ணு."

"நம்மளத கேக்கலியா?"

"கேட்டாரு."

அவள் மறுபடி அவன் பின்னால் வாசலைப் பார்த்தாள்.

"குடுக்க முடியாதுன்னேன்" என்றான். அப்படி அவன் சொல்லவில்லை. சொன்னதைச் சொல்லவேண்டும் போல இருந்தது. சட்டைப் பையிலிருந்து எண்ணெய்ப் போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தான். "கடைக்காரன் கேட்டான், பேபி எத்தன மாசம்னு. மூணுன்னு சொல்லிட்டேன். குண்டா இருக்கானான்னான். நல்ல குண்டுன்னேன். வண்டிய கேட்டப்ப, புள்ள அதுலதான் தூங்குறான்னேன். மண்டோர் வேற, சரியான தொண்டைன்னு சொல்லிட்டாரு."

அமராவதி போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, முன் சக்கரத்தில் இரண்டு சொட்டு விட்டாள். அடுத்ததில் இரண்டு.

"பேரு கேட்டானா?"

பெயர் வைப்பது முப்பதாம் நாள். அவர்கள் மூன்றோடு நின்றுவிட்டார்கள்.

"கேக்கல."

நாலு சக்கரமும் முடிந்தது. அவள் எழுந்து, கைப்பிடியின் பிளாஸ்டிக் உறையை நகத்தால் கீறி உரித்தாள். வண்டியை ஒரு முழம் முன்னால் தள்ளி, ஒரு முழம் பின்னால் இழுத்தாள். சத்தம் இல்லை.

"அடுத்த மாசம் அந்தப் பக்கம் போனீங்கன்னா," என்றாள், "மறுபடியும் மூணு மாசம்னு சொல்லி வைக்காதீங்க. நாலாம் மாசம் குப்புற விழுந்துருப்பான்."

"சரி" என்றான் சேது.