கஞ்சி குடித்த கையோடு

நடவில் குலவை போட அம்சத்தை விட்டால் ஆளில்லை என்பார்கள். அந்த அம்சத்துக்கு இரண்டு வருஷமாக மூச்சே போதவில்லை.

கஞ்சி குடித்துவிட்டு வயலில் இறங்கிக் குனிந்தால் நெஞ்சு எரியும். புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறும். பிறகு இருமல், இழுப்பு. ஊரார் நெல் சுணைத் தூசிதான் காரணம் என்றார்கள். ஆனால் களத்தில் தூசி பறக்க நிமிர்ந்து நின்று நெல் தூற்றும்போது அவளுக்கு இழுப்பு வருவதில்லை. அதை யாரும் யோசிக்கவில்லை, அவளும்தான்.

அந்தக் குறுவை நடவில் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். கல்யாணம் என்ற மிராசுதாரின் காரியக்காரர் வைத்தியலிங்கம் வரப்பில் நின்று கத்தினார்.

"இழுப்புக்காரிய வச்சுக்கிட்டு எப்ப நட்டு முடிக்கிறது? நாளையிலேருந்து வெளியூர் ஆளக் கூட்டிக்கிறேன்!"

உள்ளூர் ஆளுக்கே முதல் வேலை என்பது விவசாயக் கூலிகள் சங்கம் அடிபட்டு, மிதிபட்டு வாங்கிய ஒப்பந்தம். தன் ஒருத்தியைச் சாக்கு வைத்து வெளியாளை இறக்கினால் எந்த முகத்தோடு தெருவில் நடப்பது? அம்சத்துக்கு அழுகை வந்தது.

அன்றே திருவாரூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா கேட்டார்.

"சாப்பிட்ட உடனே குனிவீங்களா?"

"வரப்புல வயிறு முட்டக் குடிச்சிட்டு அப்படியே எறங்கிடுவோங்க. அப்பதான் உச்சி வரைக்கும் தாங்கும்."

"அதாம்மா. குனிஞ்சா வயித்துப் புளிப்பு மேல ஏறி மூச்சுக் குழாயத் தொந்தரவு பண்ணுது. கொஞ்சமா சாப்பிடுங்க. சாப்பிட்டதும் குனியாதீங்க, படுக்காதீங்க. நிமிந்து உக்காருங்க."

நல்ல வைத்தியம்! நடவுக்காரி உட்கார்ந்திருந்தால் யார் விடுவார்கள்? சங்கத்து இளையபெருமாளைக் கூட்டிக்கொண்டு நேரே மிராசுதார் வீட்டுக்குப் போனாள்.

கல்யாணம் அப்போதுதான் சாப்பிட்டிருந்தார். அந்நேரம் கட்டிலில் குறட்டை விடுகிற மனிதர், முதுகுக்குத் தலையணை கொடுத்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா? சுருக்கச் சொல்லு. எனக்கே முடியலை. படுத்தா நெஞ்செரிச்சல், மூச்சு முட்டறது. சாப்ட்டா ஒக்காந்தே இருக்கணுமாம்."

"எனக்கும் அதே வியாதிதாங்க. அதே வைத்தியந்தான் சொன்னாங்க" என்றாள் அம்சம். "கஞ்சி குடிச்சதும் கொஞ்ச நேரம் வரப்புல உக்கார விடுங்க. சாயங்காலம் கூட நின்னு நட்டுக் குடுத்துடுறோம்."

"உக்கார வச்சா வேல விளங்கிடும்!" என்றார் பக்கத்தில் நின்ற வைத்தியலிங்கம்.

கல்யாணம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். புளித்த ஏப்பம்தான் வந்தது. முகத்தைச் சுளித்து அதை விழுங்கினார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

"உக்காரட்டும்யா" என்றார். "வெளியாள் வேண்டாம்."

மறுநாள் அம்சம் பாதிக் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டு வரப்பில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இருபுறமும் மற்ற நடவுக்காரிகள் அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். வைத்தியலிங்கம் குடையை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார்.

பொழுது சாய்கையில் கடைசி முடி நாற்றும் நட்டாயிற்று. எல்லோரும் அம்சத்தைப் பார்த்தார்கள். அவள் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். அன்றைக்குக் குலவை அடுத்த ஊர் வயல்வரை கேட்டது.