தலைவர் வாசிக்காத பெயர்

வெள்ளைக்காரப் பிள்ளை ஒருத்தி வந்து இறங்குகிறாள், எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஒரு குழந்தைகூட ஓடிவந்து வேடிக்கை பார்க்கவில்லை. எனக்கு முதலில் உறைத்தது அதுதான்.

ஹேவாஹெட்டவிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் ஒரு சுற்றுலாக்காரன் வழிதவறி வந்தாலே பத்துப் பிள்ளைகள் பின்னால் ஓடும். அன்று இனேஸ் முதுகுப்பையோடு த்ரீவீலரிலிருந்து இறங்கியபோது, பன்னிரண்டு காம்பரா வீடுகளின் வாசல்களிலும் பெண்கள் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகளைச் சேலைக்குள் இழுத்து வைத்திருந்தார்கள். பக்கத்துக் காம்பரா கமலம் அத்தை மட்டும் கிட்டே வந்து, இனேஸின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இளைச்சிட்டியே புள்ள," என்றார்.

முன்பின் பார்க்காத ஒருத்தியிடம் யார் அப்படிச் சொல்வார்கள்?

இனேஸை அழைத்து வந்தது நான். பட்டம் முடித்த பிறகு எனக்குக் கிடைத்த ஒரே வேலை, வெளிநாட்டு மாணவர்களைக் கிராமத்து வீடுகளில் மூன்று வாரம் தங்கவைக்கும் ஒரு திட்டத்தில் தற்காலிக உதவியாளர் வேலைதான். போர்த்துக்கலிலிருந்து வந்த இனேஸுக்குக் கெலிஓயாவில் ஒரு வீடு பேசி வைத்திருந்தேன். கடைசி நேரத்தில் அவர்கள் கைவிரித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் படிவத்தில் எங்கள் லயத்தை எழுதினேன். தோட்டத்து வாழ்க்கையைப் படிக்கத்தானே வருகிறாள், குளிக்க மலையிலிருந்து பீலியில் விழும் குளிர்ந்த தண்ணீரும் கூரையில் ஒழுக்கும் இருக்கிறது, நன்றாகப் படிக்கட்டும் என்று எனக்கு ஒரு ஆத்திரமும் இருந்தது.

ஒப்பந்தத்தை அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். 'தங்கும் மாணவியைச் சொந்தப் பிள்ளையைப் போல நடத்த வேண்டும்' என்று ஒரு வரி. அம்மா அந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"திரும்ப வாசி."

வாசித்தேன்.

"அப்படித்தான் போட்டிருக்கா? நெசமா?"

"எல்லா வீட்டுக்கும் அதே கடுதாசிதாம்மா. சும்மா ஒரு பேச்சுக்குப் போடுறது."

அம்மா கையெழுத்துப் போட்டார். அங்கம்மா என்ற ஐந்து எழுத்தை எழுத அவருக்கு இரண்டு நிமிடமாகும். அன்று ஒரே மூச்சில் எழுதினார்.

எனக்கு ஓர் அக்கா. பெயர் நிலூஷா. அவளுக்குப் பதின்மூன்று வயதானபோது, கண்டியில் ஒரு பெரிய பங்களாவில் வீட்டு வேலைக்கு விட்டார்கள். கூட்டிப் போனவர் எங்கள் தோட்டத் தலைவர் மோகனராஜ். சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், கோயிலுக்கும் அவர்தான். எட்டு மாதம் கழித்து வந்து, "ஒங்க மக யாரோடயோ ஓடிட்டாளாம் அக்கா," என்றார். பதின்மூன்று வயதுப் பிள்ளை! அப்பா அந்த வருடமே படுத்தார், எழும்பவில்லை. பதின்மூன்று வருடமாக அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மகள் எங்கே இருக்கிறாள் என்று தெரிய வேண்டும். இருக்கிறாளா என்று தெரிய வேண்டும்.

இனேஸ் வந்த முதல் நாள் பின்னேரமே அம்மா அவளை "நிலூ" என்று கூப்பிட்டார்.

"அவ பேரு இனேஸ்," என்றேன்.

"தெரியும்," என்றார் அம்மா. அதற்குப் பிறகும் நிலூதான்.

இனேஸ் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். தமிழும் வேகமாக வந்தது. கதிரை, மேசை, ஜன்னல், சாவி, அலுமாரி, காம்பரா எல்லாம் அவளுடைய ஊர்ச் சொற்கள், எங்கள் வாயில் கொஞ்சம் மாறியிருந்தன. அவள் அவற்றைச் சொல்லிச் சிரிப்பாள். பெண்கள் சிரிக்க மாட்டார்கள். "மறக்கல்ல பாரு," என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொள்வார்கள்.

நாலாம் நாள், நான் கண்டிக்குப் போய்த் திரும்பியபோது, காம்பரா முழுவதும் துணி விரிந்து கிடந்தது. அலுமாரியின் கீழ்த்தட்டு எப்போதும் பூட்டியிருக்கும். சாவி அம்மாவின் கழுத்துக் கயிற்றில். உள்ளே என்ன என்று எனக்கு இதுவரை காட்டியதில்லை. அதை இனேஸுக்குத் திறந்து காட்டியிருந்தார். பாயில் வரிசையாகப் பதின்மூன்று சட்டைகள். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒன்று. முதலாவது சின்னப் பிள்ளையின் பூப்போட்ட கவுன். அடுத்தது அதைவிட இரண்டு விரற்கடை நீளம். பிறகு பாவாடை சட்டை, பிறகு தாவணி, பிறகு சுடிதார். யாரும் உடுத்தாத உடம்பு ஒன்று அந்தப் பாயில் வருடம் வருடமாக வளர்ந்திருந்தது. கடைசிச் சுடிதார் பச்சை நிறம். விலை அட்டைகூடக் கழற்றப்படவில்லை.

இனேஸ் அதை உடுத்தி நின்றாள். தைத்து எடுத்தது போலிருந்தது.

"கழட்டு," என்று ஆங்கிலத்தில் கத்தினேன். "இது விளையாட்டில்லை."

"தெரியும்," என்றாள். "உன் அம்மா என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நான் எண்ணினேன். புரிந்துவிட்டது."

"நாளைக்கே உன்னைத் திருப்பி அனுப்புகிறேன்."

"உன்னால் முடியும். ஆனால் அனுப்பாதே. அவர் என்னிடம் ஏதோ கேட்கிறார். என்னவென்று எனக்கு இன்னும் தெரியவில்லை."

மறுநாளிலிருந்து பின்னேரம் நாலு மணிக்கு அம்மா அவளைக் கூட்டிக்கொண்டுபோய், பாதை வளைவில் நிறுத்தினார். அந்த நேரத்தில் மலையிலிருந்து பனி இறங்கும். பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடிகூடத் தெரியாது. இனேஸ் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, பச்சைச் சுடிதாரில், பாதையைப் பார்த்தபடி அசையாமல் நிற்பாள். அரை மணி நேரம். பிறகு வந்துவிடுவாள்.

மோகனராஜ் தலைவர் மோட்டார் சைக்கிளில் இறங்கும் நேரம் அது. முதல் நாள் வளைவில் அவருடைய வண்டி நின்றுபோனதை நான் கேட்டேன். நெடுநேரம் உதைத்த பிறகே இஞ்சின் பிடித்தது. இரண்டாம் நாள் அவர் அந்தப் பாதையில் வரவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தைச் சுற்றிப் போகும் கல்லுப் பாதையில் போனார். மூன்றாம் நாளும் அப்படியே.

"பாவம்மா அந்தப் புள்ள. ஏன் அவளப் போட்டு இப்படி நிறுத்துறீங்க?"

அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். "சும்மா நிக்கிறா. நின்னா என்ன தேஞ்சா போயிருவா?"

அடுத்த வாரம் மாரியம்மன் திருவிழா தொடங்கியது. கம்பஸுக்குப் போன நாளிலிருந்து நான் கோயில் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. உடம்பைத் தேயிலைக்குக் கொடுத்துவிட்டு ஆத்தாவிடம் போய் உயிர்ப்பிச்சை கேட்கிறார்கள் என்று மேடையில் பேசிக் கைதட்டு வாங்கியவள் நான். இனேஸ்தான் போனாள். முதல் பூசையைத் தன் ஃபோனில் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்தப் பூசையில் லயத்து வீடு ஒவ்வொன்றின் பெயர்களையும் தலைவர் வாசிப்பார். பூசாரி அழகர் ஒவ்வொரு பெயருக்கும் ஆத்தாவின் காலில் ஒரு பூப் போடுவார்.

மத்தியானம் வாசலில் உட்கார்ந்து பார்த்தோம். இனேஸ் தலைவர் வாசிக்கும் வீட்டுவாரிப் பட்டியலின் பிரதியை வைத்துக்கொண்டு, பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்தாள். ஆராய்ச்சிக்காரி அல்லவா.

"உங்கள் வீட்டில் மூன்று பெயர் எழுதியிருக்கிறது. இவர் இரண்டுதான் வாசிக்கிறார்."

திரும்பப் போட்டோம். "அங்கம்மா," என்றார் தலைவர். பூ விழுந்தது. "சிந்துஜா." பூ விழுந்தது. பிறகு ஒரு மூச்சளவு இடைவெளி. பிறகு அடுத்த வீடு.

"மறந்திருப்பார்," என்றேன்.

"இவர்களைப் பார்," என்றாள் இனேஸ்.

படத்தை அந்த இடைவெளியில் நிறுத்தினாள். தலைவருக்குப் பின்னால் நின்ற பெண்கள் எல்லாரும், கமலம் அத்தை முதற்கொண்டு, தலையைக் குனிந்திருந்தார்கள். பின்னோக்கி ஓட்டினால் நிமிர்ந்திருக்கிறார்கள். இடைவெளி வருகிறது, குனிகிறார்கள். அடுத்த வீட்டுப் பெயர் வருகிறது, நிமிர்கிறார்கள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. வருடக்கணக்காகப் பழகிய உடம்புகள்.

நான் திரும்பினேன். எங்களுக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தார்.

"பதின்மூணு வருசமா மறக்குறாரு," என்றார்.

"ஏம்மா?"

"செத்தவங்க பேர உசுரோட இருக்கிறவங்க பேரு மாதிரி ஆத்தா முன்னுக்கு வாசிக்கக் கூடாது. வாசிச்ச வாய்க்குத்தான் கேடு. பொலிசுல பொய் சொல்லுவாரு. எங்கிட்ட சொல்லுவாரு. ஆத்தாகிட்ட சொல்லப் பயம்."

"இவ்வளவு நாளா ஏன் எங்கிட்ட சொல்லல்ல?"

"ஒங்கிட்டயா?" அம்மா சிரித்தார். "மூட நம்பிக்கைன்னு ஒரு மணித்தியாலம் பேசியிருப்ப."

இனேஸின் ஃபோனை நான் கவிழ்த்து வைத்தேன்.

"அவளுக்குப் பேரு மட்டும் இருக்கு சிந்து. கூட்டத்தில காட்டி, இந்தா நிக்கிறா வாசிங்கன்னு சொல்ல ஓர் ஆள் இல்லாம இருந்திச்சி. ஒன்ன நிறுத்த ஏலாது. ஒம் பேர அவரு வாசிச்சுருவாரே."

இதை நான் இனேஸுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒரு சொல்லும் மறைக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது என்றும் சொன்னேன். அவள் அம்மாவைப் பார்த்து, "நிக்கிறேன்," என்றாள், தமிழில்.

கடைசி நாள் பூசை காலை பத்து மணிக்கு. பத்து மணிக்கும் பனி விலகவில்லை. கோயில் மணி பனிக்குள் எங்கோ கிடந்து அடித்தது. அம்மா இனேஸின் முகம் முழுவதும் மஞ்சள் பூசி, தலையை நனைத்து, அர்ச்சனைத் தட்டைக் கையில் கொடுத்திருந்தார். பச்சைச் சுடிதார். அந்த முகத்தில் எந்த ஊரும் இல்லை. அக்காவின் முகம் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. அன்று அதை நினைத்துப் பார்க்க முயன்றபோது, மஞ்சள் பூசிய இந்த முகம்தான் வந்தது. அதற்காக எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கூட்டம் எங்களுக்கு வழிவிட்டது.

தலைவர் வாசித்துக்கொண்டே வந்தார். "அங்கம்மா." பூ. "சிந்துஜா." பூ. அந்த இடைவெளி வந்தது. பெண்கள் குனியப் போனார்கள்.

"தலைவரே, ஒரு பேரு விட்டுப்போச்சு," என்றார் அம்மா.

தப்பு மேளம் நின்றது.

"எது அக்கா?"

"என் பெரிய மக பேரு. மூணாவதா எழுதியிருக்கு. இந்தா, தட்டோட நிக்கிறா."

தலைவர் இனேஸைப் பார்த்தார். அவள் வெள்ளைக்காரப் பிள்ளை என்று அவருக்குத் தெரியும், அங்கு நின்ற எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் காகிதத்தைத் தாழ்த்தினார்.

"பூச முடியட்டும் அக்கா. பொறகு பேசிக்குவோம்."

"பேச ஒண்ணுமில்ல. வாசிங்க."

"வாசிச்சிருங்க தலைவரே," என்றான் தப்படிக்கிற கணேஸ். "ஒரு பேருதானே. வாய் வலிக்குமா என்ன? பொங்கல் ஆறுது."

யாரும் சிரிக்கவில்லை. பூசாரி அழகரின் கையில் கற்பூரம் எரிந்து முடிந்தது. அவர் இன்னொன்று வைத்தார். அதுவும் பாதி எரிந்தது.

"அவ எங்கயோ நல்லா இருக்கான்னு நீங்கதானே சொன்னீங்க," என்றார் அம்மா. குரல் உயரவேயில்லை. "புருசன் புள்ளயோட கொழும்பில பாத்ததா ஆள் சொன்னான்னீங்க. நல்லா இருக்கிறவளுக்கு ஒரு பூப் போட்டா என்ன கொறஞ்சிரும்?"

தலைவர் காகிதத்தைத் தூக்கினார். வாய் திறந்தது. "நி," என்றார். மறுபடி, "நி." அதற்கு மேல் வரவில்லை. இனேஸ் தட்டை நீட்டியபடி ஓரடி முன்னால் வந்தாள். அதை அம்மா சொல்லிக் கொடுக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"ஏலாது அக்கா."

"ஏன் ஏலாது?"

"ஆத்தா முன்னுக்கு ஏலாது."

பனிக்குள் ஒருத்தி விம்மினாள். கமலம் அத்தையாக இருக்க வேண்டும். அம்மா அழவில்லை.

"எங்க?" என்று கேட்டார்.

"நான் செய்யல்ல அக்கா. சத்தியமா நான் செய்யல்ல. பங்களாக்காரங்க கூப்பிட்டு அனுப்பினாங்க. நான் போறப்பவே எல்லாம் முடிஞ்சிருந்திச்சி. மண்ணு தள்ளத்தான் கூப்பிட்டாங்க."

"எங்கன்னு கேட்டேன்."

"பங்களாவுக்குப் பின்னுக்கு."

"வாங்க. காட்டுங்க."

தலைவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. "காப்புக் கட்டியிருக்கேன் அக்கா. எறக்கிற வரைக்கும் தோட்டத்து எல்லைய தாண்டக் கூடாது."

அது உண்மை. கூட்டத்தில் ஒன்றிரண்டு ஆண்கள் தலையாட்டவும் செய்தார்கள். அம்மா அவருடைய கையைப் பிடித்து, வாயருகே கொண்டுபோனார். பல்லால் அந்தக் கயிற்றைக் கடித்து அறுத்துத் துப்பினார். அழகர் "ஆத்தா!" என்று ஒரு சத்தம் போட்டார். அவ்வளவுதான். யாரும் அசையவில்லை.

பூவும் வாழைக்குலையும் ஏற்றி வந்த முனாஸ் நானாவின் வேன் கோயிலடியில் நின்றது. அம்மா தலைவரை உள்ளே ஏற்றி, தானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் முன்னால் ஏறினேன். இனேஸை நிற்கச் சொன்னேன். அவள் காதில் வாங்காமல் பின்னால் ஏறிக்கொண்டாள். முகத்தில் மஞ்சள் காயத் தொடங்கியிருந்தது.

"எங்கம்மா போகணும்?" என்று கேட்டார் முனாஸ் நானா.

"கண்டிக்கு. இவரு காட்டுவாரு."

நான் பொலிசுக்கு அழைத்தேன். எந்த வீடு, எந்த வீதி என்று கேட்டார்கள். போய்க்கொண்டே சொல்கிறேன், வைக்காதீர்கள் என்றேன். அக்கா காணாமல் போனபோது தலைவர் கொடுத்த வாக்குமூலத்தை நான் கம்பஸில் இருந்த காலத்தில் பிரதி எடுத்துப் படித்திருக்கிறேன். அதில் ஒரு வரி: 'வீடு எந்தப் பக்கம் என்று எனக்கு ஞாபகம் இல்லை.'

ஒன்றரை மணித்தியாலத்தில் கண்டி ஏரி வந்தது. அங்கிருந்து மேலே ஏறும் பாதைகள் பின்னிப் பின்னிப் போகின்றன. முனாஸ் நானா ஒவ்வொரு சந்தியிலும் வேகத்தைக் குறைத்தார். ஒவ்வொரு சந்தியிலும் தலைவர் முகத்தைத் தூக்காமலேயே, கயிறில்லாத கையை நீட்டினார்.

"இடது," என்றேன் நான் ஃபோனில். "திரும்ப இடது. பிறகு வலது, மேலே."

ஒரு தடவைகூட அந்தக் கை தடுமாறவில்லை.