பின்கதவால் சீனாவுக்குப் போன மாஸ்ரரும் ரீச்சரும்

1985ஆம் ஆண்டு மார்ச் மாதம், நியூசிலாந்தில் ஒக்லாந்து நகரத்து மவுண்ட் ரொஸ்கிலில் மகேசன் மாஸ்ரரும் யோகராணி ரீச்சரும் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்கதவு சீனாவுக்குள் திறக்கத் தொடங்கியது. வீட்டைப் பக்கவாட்டால் சுற்றிப் போனால் பழைய வளவுதான்: ஒரு எலுமிச்சை மரம், உடுப்புக் கொடி, முந்தி இருந்தவர்கள் விட்டுப்போன துருப்பிடித்த புல்வெட்டி. ஆனால் உடுப்புத் தோய்க்கிற அறைக்குள்ளால் போய்ப் பின்கதவைத் திறந்தால் அகலமான ஒரு தெரு, தெரு நிறையச் சைக்கிள்கள், கரிப்புகை, கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் தேகப்பயிற்சிப் பாட்டு. அன்றைக்கு ஈர உடுப்பு வாளியோடு கதவைத் திறந்த யோகராணி ரீச்சர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே திரும்பி, "இஞ்சேருங்கோ, கொடியைக் காணேல்லை" என்றார். மாஸ்ரர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்லாப் பாரும், அங்கைதான் இருக்கும்" என்றார்.

இந்த இருவரைப் பற்றி ஒக்லாந்துத் தமிழர் வைத்திருந்த அபிப்பிராயம் உயர்ந்ததல்ல. அந்தக் காலத்தில் ஒக்லாந்துத் தமிழர் எல்லாரையும் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் ஒரு பாடசாலை மண்டபம் நிறையாது. ஆனாலும் ஒருவரை ஒருவர் இளக்காரமாகப் பார்க்கப் போதுமான ஆட்கள் இருந்தோம். மாஸ்ரரும் ரீச்சரும் யாழ்ப்பாணத்தில் வேறு வேறு பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படிப்பித்தவர்கள். மாஸ்ரருடைய ஆங்கிலம் அகராதியில் பிறந்தது என்று அவர் மனைவி நினைத்தார். மனைவியின் ஆங்கிலத்தில் கன்னியாஸ்திரிகளின் மூச்சு கேட்கிறது என்று அவர் நினைத்தார். எண்பத்துமூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம் இங்கே வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் நேர்முகத்துக்குப் போன மாஸ்ரர், அதிபர் வரவேற்றுச் சொன்ன முதல் வசனத்திலேயே இரண்டு பிழைகள் கண்டார். கண்டதோடு நிற்கவில்லை, எழுந்து நின்று, மாணவனுக்குச் சொல்வதைப்போலப் பொறுமையாக விளக்கவும் செய்தார். பிறகு அறிவிப்பதாகச் சொன்னார்கள். அடுத்த பள்ளிக்கூடத்திலும் அப்படியே சொன்னார்கள், ஏனென்றால் அங்கேயும் அவர் அப்படியே செய்தார். கடைசியில் நகரத்துக்குத் தெற்கே புக்கெகோஹியில் வெங்காயம் தரம் பிரித்துப் பெட்டியில் போடுகிற வேலைக்குப் போனார். அங்கே அவரை 'மேட்', அதாவது கூட்டாளி, என்று கூப்பிட்டார்கள். அவருக்குச் சர்க்கரை இல்லை, பிறஷர் இல்லை. ஒருவரும் தன்னை 'சேர்' என்று கூப்பிடாத ஊரில் செத்துப்போய்விடுவேன் என்ற பயம் ஒன்றுதான் இருந்தது. அந்தப் பயத்தைப் பிறந்தநாள் விழாக்களில் பலமுறை சொன்னார். நாங்கள் கேக் சாப்பிட்டுக்கொண்டு கேட்டோம்.

ஆகையால் பின்கதவுக்கு வெளியே நீல உடுப்புப் போட்ட லியூ என்ற மனிதர், நியூசிலாந்து நிபுணர்களை அன்போடு வரவேற்கிறோம் என்று எழுதிய சிவப்புத் துணியைப் பிடித்தபடி நின்றதைக் கண்டபோது, மாஸ்ரருக்கு ஆச்சரியம் வரவில்லை. தாமதமாகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். அங்கிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு ஒக்லாந்திலிருந்து ஒரு தம்பதி வருவதாக இருந்தது. அந்தத் தம்பதி கடைசி நேரத்தில் மனம் மாறிப் பிஜிக்குப் போய்விட்டது. லியூ, சாரம் கட்டிய மாஸ்ரரையும் வாளி பிடித்த ரீச்சரையும் மேலும் கீழும் பார்த்து, "ஒக்லாந்துத் தம்பதி நீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். மாஸ்ரர் கேள்வியிலிருந்த பிழையை மன்னித்து, ஆம் என்றார். அது பொய்யும் அல்ல.

மாணவர்கள் இவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர்களுக்கு மஞ்சள் தலைமயிர் ஆசிரியர்களைத் தருவதாகச் சொல்லப்பட்டிருந்தது. பின்வரிசை வாங்கிலிருந்த ஒருவன் எழுந்து, உண்மையான வெளிநாட்டவர் எப்போது வருவார் என்று கேட்டான். மாஸ்ரர் சாரத்தை இறுக்கிக் கட்டினார். யோகராணி ரீச்சர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, இங்கிலிஷைத் தலைமயிர் படிப்பிக்கிறேல்லை. இரும்" என்பதை அழகான ஆங்கிலத்தில் சொன்னார். அவன் இருந்தான். பிறகு, வகுப்புக்குள் ஆசிரியர் வந்தால் எல்லாரும் எழுந்து நின்று 'குட் மோர்னிங் சேர், குட் மோர்னிங் ரீச்சர்' சொல்ல வேண்டும் என்பது முதல் பாடமாக நடந்தது. அன்றைக்கு வேறு பாடம் நடக்கவில்லை. மாஸ்ரர் திரும்பத் திரும்ப வெளியே போய் உள்ளே வந்துகொண்டிருந்தார்.

சீனா ஒக்லாந்துக்கு நாலு மணித்தியாலம் பின்னால் இருந்தது வசதியாகப் போயிற்று. இங்கே மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போனால் அங்கே காலை மணி அடிக்கும்; அங்கே மதியம் வகுப்பு விட்டால் இங்கே தேத்தண்ணி நேரம். மாஸ்ரர் வெங்காயத்தை விட்டார். கல்லூரி அவர்களுக்கு ஓர் அறையும், பூப்போட்ட தெர்மோஸ்களும், ஆளுக்கொரு சைக்கிளும் கொடுத்தது. ஒக்லாந்தில் சைக்கிளில் போகிற தமிழனைக் கண்டால் கார் வாங்க வழியில்லையாக்கும் என்று நாங்கள் தலையைத் திருப்பிக்கொள்வோம். அங்கே மாஸ்ரர் கழுத்துப்பட்டியும் காற்சட்டையில் கிளிப்புமாக ஆயிரம் சைக்கிள்களுக்கு நடுவில் நிமிர்ந்து போனார். ரீச்சர் கரியடுப்போடு ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டை பிடித்து வென்றார். மூங்கில் தட்டில் இடியப்பம் அவித்து வகுப்புக்குக் கொடுத்தார். அதற்கு வினாகிரி ஊற்றிச் சாப்பிட்ட மாணவர்கள், நூடில்ஸ் பழுதில்லை, ஆனால் ஏன் இப்படிச் சிக்கிக்கிடக்கிறது என்று கேட்டார்கள். லியூ இரண்டு மரங்களுக்கு நடுவில் உடுப்புக் கொடி கட்டிக் கொடுத்தார்.

எங்களுக்கு இதெல்லாம் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. சீனச் சம்பளத்தை மவுண்ட் ரொஸ்கில் டெயரிக் கடையில் கொடுத்துப் பால் வாங்க முடியாது. ஆகவே அவர்கள் அதைத் தெர்மோஸாக மாற்றிக்கொண்டு வந்தார்கள். 1986 முடிவதற்குள் ஒக்லாந்தில் எந்தத் தமிழ்க் குழந்தை பிறந்தாலும், பெரியபிள்ளையானாலும், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினாலும் ஒரு தெர்மோஸ் வந்தது. அவர்கள் வந்தால் கரிமணமும் கூட வந்தது. விநாயகமூர்த்தியின் மனைவி ரதிதேவி எங்கள் எல்லாருக்காகவும் பேசினார்: "திறந்ததுதான் திறந்தது, கனடாவுக்குத் திறந்திருக்கப்படாதோ? எங்கடை சனத்துக்கு ஒரு பிரயோசனமாவது இருந்திருக்கும்."

விநாயகமூர்த்திதான் அந்த வீட்டின் சொந்தக்காரர். எழுபதுகளிலேயே வந்த என்ஜினியர். ஆகையால் பிறகு வந்தவர்களைப் பற்றிக் கருத்துச் சொல்கிற உரிமை அவருக்கு இருந்தது. அவருடைய அலுவலகத்தில் அவர் பெயரை முழுதாகச் சொல்ல ஒருவரும் மெனக்கெடவில்லை, 'வின்னி' என்றார்கள். அவர் வேலை பழக்கிய பையன்கள் அவருக்கு மேலதிகாரிகளாக வந்து, அவர்களும் 'வின்னி' என்றார்கள். வீட்டில் பிள்ளைகள் அவரோடு ஆங்கிலத்தில் கதைத்தார்கள். அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னால் சிரித்தார்கள். 1987இல் அவர், உடுப்புத் தோய்க்கிற அறையை இடித்துவிட்டுக் கராஜ் கட்டப்போவதாக நோட்டீஸ் கொடுத்தார். நேரில் வந்தும் சொன்னார். "மாஸ்ரர், நான் வாடகைக்குத் தந்தது மூண்டு அறையும் ஒரு குசினியும். சீனா தரேல்லை. அதோடை, சீனனுக்குப் படிப்பிக்கிறதும் ஒரு உத்தியோகமோ? எங்களுக்கல்லோ வெக்கமாக் கிடக்கு."

விநாயகமூர்த்தி போனபிறகு மாஸ்ரர் நோட்டீஸை எடுத்து வைத்துக்கொண்டு அதன் ஆங்கிலத்தில் பிழை தேடினார். பிழை இருந்தது, ஆனால் அதனால் கதவு காப்பாற்றப்படாது என்பது அவருக்கும் தெரிந்தது. கதவு போனால் வெங்காயம். 'மேட்'. அவர் காய்ச்சலாகப் படுத்துவிட்டார். பெயர் இல்லாத காய்ச்சல். சூடு ஏறியபோதெல்லாம் அவர் கட்டிலில் எழுந்திருந்து, "சிற் டவுன், சிற் டவுன்" என்று சுவருக்குச் சொன்னார். ரீச்சர் இரண்டு வகுப்பையும் தானே எடுத்துக்கொண்டு, திரும்பி வந்து கஞ்சியும் காய்ச்சினார்.

குறித்த நாளில் விநாயகமூர்த்தி, தச்சு வேலை செய்கிற அந்தோணிசாமியோடு வந்தார். அந்தோணிசாமி மலேசியாவில் கிள்ளானிலிருந்து வந்தவர். ஆயுதப் பெட்டியைத் திறந்துகொண்டே, "என்னா சார், கதவ மொதல்ல கழட்டவா, செவத்த மொதல்ல ஒடைக்கவா?" என்று கேட்டார். ரீச்சர் ஈரத்துணியோடு அறையிலிருந்து வந்து விநாயகமூர்த்தியைப் பார்த்தார்.

"அண்ணை, கழட்டுறதைப் பிறகு கழட்டுங்கோ. அவருக்கு இண்டைக்குச் சூடு கூட, விட்டிட்டுப் போகேலாது. அங்கை பிள்ளையள் காவல் இருக்குதுகள். ஒருக்கா எட்டிப் பார்த்து, இனி வகுப்பில்லை எண்டு சொல்லிவிடுங்கோ. சொல்லாமல் கதவைப் பூட்டினால் முறையில்லை."

"நானோ? எனக்கென்ன விசரே?"

"நீங்கள்தானே பூட்டுறியள்?"

விநாயகமூர்த்தி வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு பின்கதவைத் திறந்து போனார். தெருவைக் கடந்து, பார்த்த பக்கமெல்லாம் பார்க்காத மாதிரி நடந்து, வகுப்பறைக்குள் காலை வைத்தார். அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். வாங்குகள் நகர்ந்த சத்தம் அடங்கியதும், "குட் மோர்னிங், சேர்" என்றார்கள். வகுப்பில்லை என்று சொல்வதற்காக அவர் வாயைத் திறந்தார். முன்வாங்கிலிருந்த ஒரு பெண், சேரின் பெயர் என்ன என்று கேட்டாள். பழக்கதோஷத்தில் 'வின்னி' என்றார். அவள் திருப்தியடையவில்லை. முழுப் பெயர் வேண்டும், எழுத வேண்டும் என்றாள். அவர் சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் எழுதினார். ஒரு கரையில் தொடங்கி மறுகரையில்தான் முடிந்தது. அவர்கள் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, பிரித்ததை மறுபடி சேர்த்து, சத்தமாகச் சொன்னார்கள். முதல் தரம் பிழைத்தது. மூன்றாம் தரம் கல்லூரி முழுக்கக் கேட்டது. ஒரு தேசத்தின் நடுவில் இருந்துகொண்டு, முன்பின் தெரியாத அத்தனை பேர், ஓர் எழுத்தையும் விழுங்காமல், விநாயகமூர்த்தி, விநாயகமூர்த்தி என்றார்கள். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று, அழிக்க ஒன்றுமில்லாத இடத்தை வெகுநேரம் அழித்துக்கொண்டிருந்தார். பிறகு பாலம் எப்படிப் பாரம் தாங்குகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அவர் திரும்பி வந்தபோது அந்தோணிசாமி மூன்றாவது தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நேரம் சார்! கழட்டிடவா?"

விநாயகமூர்த்தி கையிலிருந்த சுண்ணத்தூளைக் காற்சட்டையில் துடைத்தார். "கதவு நல்லா இறுகிக் கிடக்கு. பிணைச்சலுக்கு எண்ணெய் விடும்."

"அப்ப கராஜு?"

"அந்தப் பக்கம் எலுமிச்சைக்குக் கிட்டக் கட்டலாம். உமக்கென்ன அவசரம்?"

மாஸ்ரரின் காய்ச்சல் அன்று பின்னேரமே இறங்கியது. அடுத்த நாள் மாஸ்ரர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனபோது, கரும்பலகையில் அந்தப் பெயரும், பெயருக்குக் கீழே பாலத்தைப் பற்றிய சில வசனங்களும் இருந்தன. வசனங்களில் பிழைகள் இருந்தன. மாஸ்ரர் சிவப்புச் சுண்ணக்கட்டியால் ஒவ்வொன்றாகத் திருத்தினார். பெயரை அழிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். விநாயகமூர்த்தி வியாழக்கிழமைகளில் அரைநாள் லீவு எடுத்தார். அவர் எடுத்தது தெரிந்ததும், ராக்சி ஓட்டிய கணக்காளர் வந்தார். ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளிய டொக்டர் வந்தார். சீனனுக்குப் படிப்பிப்பது வெட்கம் என்று சொன்ன எல்லாரும் சப்பாத்தைப் பின்கதவடியில் கழற்றி வைத்துவிட்டு, வீட்டுச் செருப்போடு சீனாவுக்குப் போனோம். உடனே ஒரு சங்கம் அமைத்தோம். பெரிய வகுப்பை யார் எடுப்பது என்பதில் அது 1988இல் இரண்டாக உடைந்தது. இரண்டு சங்கங்களும் ஒரே கதவால்தான் போயின. போகும்போது ஒன்றோடொன்று கதைக்கவில்லை. அங்கே எங்களில் ஒழுங்காகப் படிப்பித்தவர் ரீச்சர் ஒருவர்தான் என்பதை மாணவர்கள் மட்டும் தெரிந்துவைத்திருந்தார்கள். பண்பானவர்கள், வெளியில் சொல்லவில்லை. ரதிதேவி இன்னும் கனடா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு தெர்மோஸ் கிடைத்தது.

புதிதாக வந்த குடும்பம் ஏதாவது அந்த வீட்டுக்கு விருந்துக்குப் போய், கை கழுவ இடம் தேடிப் பின்பக்கம் தடுமாறினால், யோகராணி ரீச்சர் குசினியிலிருந்து தலையை நீட்டாமலே சொல்வார்:

"இடப்பக்கக் கதவு, தம்பி. நேரை போனால் சீனா."