நம்பரை மறைத்தாகிவிட்டது

எங்கள் அபார்ட்மெண்ட் செயலாளர் வெங்கடராமன் சாருக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. தப்பான இடத்தில் நிற்கும் வண்டிகளை, நம்பர் பளிச்சென்று தெரியும்படி படம் பிடித்து, சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடுவார். உலகமே பார்க்கலாம் அந்தப் பக்கத்தை. மல்லேஸ்வரத்தில் பார்க்கிங் பிரச்சினை இதனால் தீர்ந்ததா என்றால், அதுதான் இல்லை. அவருக்கு மட்டும் லைக் விழும்.

அன்றைக்கு அவர் போட்டது தர்ஷினியின் ஸ்கூட்டர்.

தர்ஷினி என் கல்லூரி ஹாஸ்டல் தோழி. திருவண்ணாமலையில் புருஷன் கிஷோர் மணிக்கட்டை முறித்த பிறகு, கட்டோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கட்டுப் பிரித்ததும், அவன் இல்லாத நேரமாகப் பார்த்து ஊருக்குப் போய் எடுத்துவந்த ஒரே பொருள் அந்த ஸ்கூட்டர். அவள் சம்பாத்தியத்தில் வாங்கியது. அதில்தான் வீடு வீடாகப் போய் ரத்த சாம்பிள் எடுத்து லேபில் கொடுக்கிறாள். என்னைப் பற்றிக் கிஷோருக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் இங்கே வந்தாள்.

அந்தக் கிராதகன் சும்மா இருக்கவில்லை. ‘வண்டி திருடு போய்விட்டது, பார்த்தவர்கள் சொல்லுங்கள், தக்க சன்மானம் உண்டு’ என்று ஸ்கூட்டர் படத்தையும் நம்பரையும் கண்ட குரூப்பிலெல்லாம் போட்டு வைத்திருந்தான். பெண்டாட்டியைத் தேடுகிறேன் என்றால் நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள். வண்டியைத் தேடினால் யார் கேட்கப்போகிறார்கள்?

ஆபீஸில் இருந்தபடியே சாருக்கு போன் போட்டேன்.

“சார், அந்த ஸ்கூட்டர் படத்துல நம்பர மறைச்சிடுங்க, ப்ளீஸ்.”

“ஏம்மா? ரோட்ல போறச்சே எல்லார் கண்லயும் படற நம்பர்தானே? அதுல என்ன ரகசியம்?”

“ரோட்ல பாக்கறவன் பாத்துட்டு அவன் வேலையப் பாக்கப் போயிடுவான் சார். இதுல, தேடிட்டு உக்காந்திருக்கறவன் பாப்பான்.”

“நம்பர மறைச்சுட்டா யார் வண்டின்னு எப்படித் தெரியும்? தெரியணும்னுதானே போடறதே!”

“சரி, படத்தையே எடுத்துடுங்க.”

“ஒருத்தருக்கு எடுத்தா எல்லாரும் கேப்பா. ரூல்னு ஒண்ணு இருக்கோல்லியோ.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கத்தினால் காரியம் கெடும். யாரிடமும் சொல்லாதே என்று தர்ஷினி கேட்டிருந்தாள். வேறு வழியில்லாமல் பாதியைச் சொன்னேன். “அது என் ஃப்ரெண்ட் தர்ஷினி வண்டி சார். அவ இங்க இருக்கறது அவ வீட்டு ஆளுங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவ உயிருக்கே ஆபத்து.”



“அடடா, இத மொதல்லயே சொல்லப்படாதோ? நான் பாத்துக்கறேன். நீ கவலையே படாதே.”

நல்ல மனுஷர்தான். இப்போதும் அதைத்தான் சொல்வேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். படத்தில் நம்பர் பிளேட் மேல் வெள்ளைக் கட்டம் போட்டிருந்தார். நிம்மதியாகக் கீழே பார்த்தேன். அழகான ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. ‘304-ஆம் வீட்டு திருமதி யசோதா அவர்களின் வேண்டுகோளுக்கிணங்க, அவரது விருந்தினர் செல்வி தர்ஷினியின் ஸ்கூட்டர் நம்பர் பாதுகாப்புக் காரணங்களுக்காக மறைக்கப்பட்டுள்ளது. அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.’ எந்த ஸ்கூட்டர் என்று யாருக்கும் குழப்பம் வரக் கூடாதே என்று, டி.என். இருபத்தைந்தில் தொடங்கி கடைசி எண் வரை முழு நம்பரையும் டைப் அடித்திருந்தார்.

படத்துக்குள் இருக்கும் நம்பரையாவது அவன் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. எழுத்தில் இருந்தால், தேடும் பெட்டியில் அடித்த மறுநொடி வந்து நிற்கும். கூடவே என் பெயர், அவள் பெயர், வீட்டு எண். அட கடவுளே! மறைக்காமலே இருந்திருக்கலாமே!

இரண்டு மாடி ஏறி ஓடினேன். அவர் காபி டம்ளரோடு கதவைத் திறந்தார்.

“என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க? நம்பர மறைக்கச் சொன்னா விலாசத்தோட எழுதிப் போட்டிருக்கீங்களே!”

அவர் என் போனை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். “ஐயையோ” என்றார். தன் போனை எடுத்து அங்கேயே அழித்தார். “அழிச்சுட்டேன்மா. இனிமே பிரச்சினை இல்லையே?”

மத்தியானத்திலிருந்து அது அங்கே கிடந்திருக்கிறது. இறங்கி வந்துவிட்டேன்.

தர்ஷினி வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். கத்துவாள், என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அலமாரியைத் திறந்து துணியை எடுத்துப் பையில் வைத்தாள்.

“ஏய், எங்கடி கெளம்பற? அவன் பாத்தானோ இல்லையோ. பாத்திருந்தாதான் என்ன, வரட்டும். போலீஸ கூப்புடுவோம்.”

“ஊர்லயும் கூப்பிட்டேன் யசோ. புருஷன் பொண்டாட்டி சண்டை, நீங்களே பேசித் தீத்துக்கோங்கன்னு அவன் கூடவே அனுப்பி வச்சாங்க.”

“சரி, எங்க போற? அதையாவது சொல்லு.”

வண்டிச் சாவியை என் கையில் வைத்து அழுத்தினாள். “கேக்காத. சொல்ல மாட்டேன். உனக்குத் தெரிஞ்சிருந்தா உன்ன விட மாட்டான்.”

“போடி, நான் சொல்லிடுவேனா?”

“மாட்ட. அதனாலதான் சொல்லல.”

கையைப் பிடித்து இழுத்தேன், முறிந்து சேர்ந்த அதே கையை. சட்டென்று விட்டுவிட்டேன். போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் போனும் ஸ்விட்ச் ஆஃப்.

மறுநாள் காலையில் காலிங் பெல் அடித்தது. திறந்தால் வெங்கடராமன் சார். பக்கத்தில், சட்டை கசங்கிய ஒரு ஆள். தர்ஷினி காட்டிய கல்யாணப் படத்தில் பார்த்த முகம். கை கூப்பினான்.

“உன் கெஸ்ட்டோட ஆத்துக்காரராம்மா” என்றார் சார், தணிந்த குரலில். “ராத்திரி பூரா பஸ்ல வந்திருக்கார். கேட்ல நின்னு அழறார், பாவம். ஏதோ மனஸ்தாபமாம், பேசினா சரியாப் போயிடுமாம்.”

நேற்று உயிருக்கு ஆபத்து என்று சொன்னது இவரிடம்தானா? அந்த வீட்டு ஆள் இவனாகத்தான் இருப்பான் என்றுகூடவா ஒருவருக்குத் தோன்றாது? அழுத கண்ணைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டதா?

“அக்கா, அவ எங்கன்னு மட்டும் சொல்லுங்க” என்றான் கிஷோர். அழுகை குரலில்தான் இருந்தது. கண் என்னைத் தாண்டி வீட்டுக்குள் ஒவ்வொரு அறையாகப் போய்க்கொண்டிருந்தது.

“தெரியாது.”

“உங்களுக்குத் தெரியாம இருக்குமா?”

“தெரியாதுன்னு சொல்றேன் இல்ல?”

அவன் நம்பவில்லை. சாரும் நம்பவில்லை. நான் சொன்னது பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.