மோசல் கரையில் அன்று மழை

பஞ்சுக்குச்சியைத் திராட்சை மதுவில் நனைத்து, கணவரின் உதட்டில் ஒற்றினாள் ரோஸ்வீதா. வெறும் தண்ணீர்தான் வேண்டும் என்றில்லை, அவருக்குப் பிடித்த எதையும் தொட்டு வைக்கலாம் என்று காலையில் வந்த நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஏவால்ட் நாக்கை மெல்ல நீட்டிச் சுவைத்துப் பார்த்தார். முகம் சுளித்தது.

"தித்திப்பா இருக்கு. பைல்ஷ்டைன்ல குடிச்சது இப்படியா இருந்துச்சு?"

"இல்ல" என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டே பேசினார். அன்றைக்கு என்ன வெயில், அந்தக் கல்சரிவில் ஏறி இறங்கி வந்து தோட்டக்காரர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்ததும் புது மது கொடுத்தார்கள், வெங்காய அடை கொடுத்தார்கள், நாய் வந்து ஷூவைத் தூக்கிக்கொண்டு ஓடியதே என்றார்.

"ஆமா, ஓடுச்சு."

ஏவால்ட் கண்ணைத் திறந்தார். "நீ ஏன் ஆமாங்கிற? நீ அங்க இல்லியே."

கோபமாகச் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருடம் போஹூம் நகரில் ட்ராம் ஓட்டியவர். தப்பான பக்கம் நிற்கும் பயணியிடம் சொல்வது மாதிரிதான் சொன்னார். ரோஸ்வீதா குச்சியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, ஜன்னல் திரையைச் சரிசெய்யும் சாக்கில் எழுந்துகொண்டாள்.

பத்து நாளாக இதே பேச்சுதான். மோசல் ஆறு, அதை ஒட்டிய பைல்ஷ்டைன் கிராமம், ஆற்றின் இரு கரையிலும் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும் திராட்சைச் சரிவுகள், காலுக்கடியில் உருளும் கருங்கல் சில்லுகள், கயிற்றைப் பிடித்து ஏறிய ஒற்றையடிப் பாதை. எல்லாம் முதல் மனைவி மார்கோட்டோடு போனவை. ரோஸ்வீதாவுக்குப் பிறவியிலேயே இடுப்பு மூட்டில் கோளாறு. ஒரு ட்ராம் நிறுத்தத்திலிருந்து அடுத்ததுவரை நடப்பதே அவளுக்குப் பெரிய காரியம். கல்யாணமான முப்பத்தோரு வருடமும் விடுமுறைக்கு வடகடலோரம்தான் போனார்கள். ஒரே ஊர், ஒரே வீடு, பெஞ்சில் உட்கார்ந்து கரைமேட்டில் மேயும் ஆடுகளைப் பார்ப்பது. மலை அலுத்துப்போய்விட்டது என்று ஆரம்பத்திலேயே ஒருமுறை அவர் சொல்லியிருந்தார். அவளும் அதை நம்பியிருந்தாள்.

கூடத்தில் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் தூங்கியதும், மேஜை இழுப்பறையிலிருந்து அவருடைய விலாசப் புத்தகத்தை எடுத்தாள். மார்கோட்டின் பெயர் இருந்தது. அதன் கீழே ஒரு எண் அடிக்கப்பட்டு வேறொன்று, அதுவும் அடிக்கப்பட்டு மூன்றாவது. மூன்றாவது எண்ணின் மை புதிதாக இருந்தது. ரோஸ்வீதா சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த எண்ணை அழைத்தாள்.

தான் யாரென்று சொன்னாள்.

"செத்துட்டானா?" என்றது மறுமுனையில் கரகரத்த குரல்.

"இல்ல. ஆனா அதிக நாள் இல்ல. உங்களோட போன ஊரெல்லாத்தையும் பத்திதான் பேசிட்டிருக்கார். நான் என்ன சொன்னாலும் அவருக்குப் பத்தல. நீங்க ஒருவாட்டி வர முடியுமா?"

மார்கோட் வேறெதுவும் கேட்கவில்லை. எந்த மாடி என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு மணி வாக்கில் வந்து சேர்ந்தாள். எழுபத்தேழு வயதிலும் கைப்பிடியைத் தொடாமல் மூன்று மாடி ஏறினாள். நெட்டையான உடம்பு, குட்டையாக வெட்டிய வெள்ளை முடி, காலில் மலையேறும் பூட்ஸ். வாசலிலேயே அதைக் கழற்றி, தன் வீட்டில் வைப்பதுபோல ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தாள். ரோஸ்வீதா நீட்டிய கையைப் பிடித்துக் குலுக்கினாள். இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல்முறை.

ஏவால்ட் அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"குண்டாயிட்ட" என்றார்.

"நீதான் ஒண்ணுமே இல்லாம போயிட்ட." நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் மார்கோட். "என்னடா, பைல்ஷ்டைன் பைல்ஷ்டைன்னு உசுர வாங்குறியாமே."

"அன்னிக்கு வெயில் அடிச்சுதுல்ல? இவகிட்ட சொல்லு."

"வெயிலா? மழைடா. காலைல புடிச்சது சாயங்காலம்வரைக்கும் கொட்டுச்சு. சட்டையப் பிழிஞ்சு போட்டுக்கிட்டு உக்காந்திருந்தோம்."

"பொய் சொல்றா. ரோசி, கேட்டியா? அப்பட்டமான பொய்."

போர்வைக்கு வெளியே அவருடைய சுட்டுவிரல் நிமிர்ந்து ஆடியது. இரண்டு வாரமாக ஒரு தம்ளரைக்கூடப் பிடிக்காத கை. ரோஸ்வீதா காபி போடப் போவதாகச் சொல்லி உள்ளே போனாள். காபி இறங்கிய பிறகும் ரொட்டியை நறுக்கிக்கொண்டே நின்றாள். அத்தனை ரொட்டி யாருக்கும் தேவைப்படவில்லை. கூடத்திலிருந்து பேச்சு வந்துகொண்டேயிருந்தது. நாய் தூக்கிக்கொண்டு போனது மார்கோட்டின் ஷூ என்றார் அவர். இல்லை, அவனுடையதுதான், பஸ் நிறுத்தம்வரை ஒற்றைக்காலில் ஈரச் சாக்ஸோடு நொண்டிக்கொண்டு வந்தான் என்றாள் அவள். நாய் கறுப்பு என்றார். பழுப்பு என்றாள். அவர் சிரிக்கப்போய் இருமினார், இருமி முடித்ததும் மறுபடி கறுப்புதான் என்றார்.

தான் பத்து நாளும் ஆமாம் ஆமாம் என்று சொன்னதில் எது குறைந்ததென்று ரோஸ்வீதாவுக்கு அப்போது புரிந்தது. இல்லை என்று சொல்ல, கூட இருந்திருக்க வேண்டும்.

தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படியை அடைந்தபோது மார்கோட் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவு பைத்தியமா இருந்தியே, அப்புறம் ஏண்டா நடக்குறதையே விட்டுட்ட?"

ஏவால்ட் கண்ணை மூடியிருந்தார். "அலுத்துப்போச்சு."

மார்கோட் திரும்பினாள். ஒரு பக்கம் சாய்ந்து, எடை முழுவதையும் இடது காலில் வைத்தபடி தட்டோடு நின்றிருந்த ரோஸ்வீதாவைப் பார்த்தாள். எழுந்து வந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு மார்கோட் கிளம்பினாள். அவர் நெற்றியில் உள்ளங்கையை வைத்து, "கறுப்பு நாய் உன் கனவுல வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் பூட்ஸ் சத்தம் படியில் இறங்கி மறைந்ததும், "எப்பவும் இப்படித்தான். எதையும் ஒத்துக்கவே மாட்டா" என்றார் ஏவால்ட். அப்படியொரு திருப்தி அந்தக் குரலில். பிறகு, ரோசி என்று கூப்பிட்டு அவள் கையைத் தேடினார். கொடுத்தாள். அதைப் பிடித்தபடியே தூங்கிப்போனார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, அறைக்குக் காற்று வரட்டுமென்று ரோஸ்வீதா ஜன்னலைத் திறந்தாள். கீழே குப்பை வண்டி தொட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. அது போன பிறகுதான், அறையில் கேட்டுக்கொண்டிருந்த மூச்சு இப்போது இல்லை என்பது உறைத்தது. அவள் திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் தாமதித்தாள். பிறகு வந்து உட்கார்ந்து, பஞ்சை நனைத்து, வறண்டிருந்த அந்த உதட்டை மறுபடி ஒருமுறை துடைத்துவிட்டாள். அதன் பிறகே டாக்டருக்குப் போன் செய்தாள்.

ஒன்பது நாள் கழித்து அடக்கம் நடந்தது. கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே இருந்த காபிக்கடையில் நீளமாக மேஜை போட்டு, வந்தவர்களுக்குக் காபியும் கேக்கும் ஏற்பாடு செய்திருந்தாள் ரோஸ்வீதா. பெரும்பாலும் பழைய ட்ராம் ஓட்டுநர்கள். முதலில் தாழ்ந்த குரலில் பேசினார்கள். இரண்டாவது கோப்பையில் குரல் ஏறியது. பனியில் ட்ராம் தடம் புரண்ட கதை, ஏவால்ட் ஒரு பாட்டியின் கோழிக்கு டிக்கெட் கிழித்த கதை. ஓரமாக உட்கார்ந்திருந்த மார்கோட்டை அவர்களில் ஒருவருக்கு அடையாளம் தெரிந்தது. ஓய்வு அறையில் ஏவால்ட் மோசல் பற்றிப் பேசாத நாளில்லையே, அந்த நாய்க் கதையைக் கூட இருந்த நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டார்.

ஓய்வு அறையில் பேசியிருக்கிறார். வீட்டில் ஒரு வார்த்தை இல்லை. ரோஸ்வீதா காபிக் கூஜாவை மேஜையில் வைத்தாள்.

மார்கோட் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.

"செப்டம்பர் மாசம். நல்ல வெயில். கல்லெல்லாம் அடுப்பு மாதிரி சுட்டுச்சு. ஏறி இறங்கி வந்து ஒரு முற்றத்துல உக்காந்தோம். கறுப்பா ஒரு நாய் வந்து என் ஷூவத் தூக்கிட்டு ஓடிருச்சு."

மேஜை முழுவதும் சிரித்தது. மார்கோட்டும் சிரித்தாள். ரோஸ்வீதா இருந்த பக்கம் அவள் பார்க்கவேயில்லை.

நாலு மணிக்குள் ஒவ்வொருவராகக் கை குலுக்கிப் போய்விட்டார்கள். ரோஸ்வீதா மிச்சமிருந்த கேக்கைப் பொட்டலம் கட்டச் சொல்லிவிட்டுத் திரும்பியபோது, மார்கோட் கோட்டை மாட்டி மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

"பஸ் எப்போ?" என்று ரோஸ்வீதா கேட்டாள்.

"வரும்." அவள் நகரவில்லை. "எனக்கு அப்புறம் அவன் எப்படி இருந்தான்னே எனக்குத் தெரியாது. போன்லயும் அவன் கேப்பானே ஒழிய எதுவும் சொல்ல மாட்டான்."

"சொல்ற மாதிரி என்ன இருக்கு. நாங்க எங்கயும் போனதில்ல."

"எங்க பாத்த அவன? முதல்ல?"

ரோஸ்வீதா பக்கத்தில் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தாள். நாள் முழுக்க நின்றதில் இடுப்பு கடுத்தது.

"நிறுத்தத்துலதான். என்னால ஓட முடியாது. தூரத்துல நான் வர்றதப் பாத்தா வண்டிய எடுக்காம நிப்பாரு. உள்ள எல்லாரும் கத்துவாங்க."

"எவ்வளவு நேரம் நிப்பான்?"

"ரெண்டு நிமிஷம். ஒருநாள் மூணு."

"ம். சொல்லு."

மார்கோட் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மேஜையைச் சுத்தம் செய்ய வந்த பெண், அவர்கள் முன்னாலிருந்த இரண்டு கோப்பைகளை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றை அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள்.