மருந்துத் தொட்டியைத் தாண்டியவன்

என் சகலையின் கோழிப் பண்ணை வாசலில் ஒரு தகரப் பலகை தொங்கும். "அனுமதி இல்லாமல் யாரும் உள்ளே வரக்கூடாது." இப்படி ஒன்று எல்லாப் பண்ணைகளிலும் உண்டு. என் பண்ணையிலும் இருந்தது. ஒரு நாள் காற்றில் விழுந்தது, நான் திரும்ப மாட்டவில்லை. ஆனால் சகலையின் பலகையை மட்டும் எனக்காகவே எழுதி மாட்டியிருக்கிறான் என்று ஆறு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

காரணம் இருக்கிறது. அவன் பண்ணை தொடங்கிய முதல் மாதம் பார்க்கப் போயிருந்தேன். அந்த வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை நான். என் மனைவியின் தங்கையை அவன் கட்டுவதற்கு ஒன்பது வருடம் முன்பே கோழி வளர்க்க ஆரம்பித்தவன். அவன் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சிரித்தான்.

"சகலை, தப்பா நினைக்காதீங்க. காலைல உங்க ஷெட்டுக்குள்ள போயிட்டுத்தானே வந்திருப்பீங்க? மூணு நாள் கோழி முகத்துலயே முழிக்காம இருந்துட்டு வாங்க. நானே கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்."

வெளியே நாற்காலி போட்டு டீ கொடுத்தான். டீயில் ஒரு குறையும் இல்லை. அதைக் குடித்த எனக்குத்தான் வயிறு பற்றி எரிந்தது. கோழிக்காரன் மூன்று நாள் கோழியைப் பார்க்காமல் இருப்பதா? நான் என்ன தொற்று வியாதியா? அன்றைக்கே அவனுக்கு 'சோப்பு' என்று பெயர் வைத்தேன். ஷெட்டுக்கு ஒரு ஜோடி பூட்ஸ், கைக்கு மருந்து, காலுக்கு மருந்து, வண்டிச் சக்கரத்துக்கு மருந்து என்று அலைகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

சரி, சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விடலாம். ஆனால் அவன் ஷெட்டில் நூறு கோழிக்குத் தொண்ணூற்றிரண்டு முட்டை. என் ஷெட்டில் எண்பதைத் தாண்டினால் அன்றைக்கு நல்ல நாள். குடும்பமாகக் கூடும்போதெல்லாம் மாமனார் சின்ன மாப்பிள்ளையின் புராணத்தைப் பாடுவார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "பெரியவரும் உழைக்கிறாருதான்" என்பார். அந்தத் 'தான்' ஒரு வாரத்துக்கு என் காதில் குடைந்துகொண்டே இருக்கும்.

சோப்பிடம் ஏதோ ரகசியம் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். தீவனத்தில் எதையோ கலக்கிறான். இல்லாவிட்டால் எதற்கு இத்தனை பூட்டு?

ஒரு செவ்வாய்க்கிழமை, தன் தங்கையும் அவள் புருஷனும் பல் பிடுங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாக மனைவி சொன்னாள். அன்று காலையில்தான் என் பண்ணைக் குளத்தில் இறங்கி மோட்டார் குழாயின் அடைப்பை எடுத்திருந்தேன். எங்கிருந்தோ வந்த காட்டு வாத்துகள் கரை முழுக்கக் கழித்து வைத்திருந்தன. அந்தச் சேற்றோடு என் கோழிகளுக்குத் தீவனம் போட்டேன். அதே பூட்ஸோடு ஸ்கூட்டரை எடுத்து நாலு கிலோமீட்டர் போய், சகலையின் பண்ணைக்குப் பின்பக்கம் நிறுத்தினேன். ஆட்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். வேலி ஒரு இடத்தில் தாழ்வாக இருந்தது.

இரண்டாம் நம்பர் ஷெட் வாசலில் ஒரு தட்டையான தொட்டி, அதில் மருந்துத் தண்ணீர். காலை வைத்தால் உள்ளே ஈரத் தடம் விழும். சோப்புக்கு மூக்கில் வேர்த்துவிடும். அதனால் தாண்டினேன். ஐம்பத்திரண்டு வயதில், தூணைப் பிடித்துக்கொண்டு, திருட்டுப் பூனை மாதிரி ஒரு தொட்டியைத் தாண்டினேன். வழுக்கி விழவில்லை என்று பெருமை வேறு பட்டுக்கொண்டேன்.

உள்ளே ஒரு ரகசியமும் இல்லை. நான் போடும் அதே தீவனம், அதே மூட்டை. நான் வாங்கும் அதே இனம். தூணில் பச்சைக் கயிற்றில் ஒரு கட்டம் போட்ட நோட்டு மட்டும் தொங்கியது. தேதி, வெயில், தீவனம், முட்டை, செத்தது, குடித்த தண்ணீர் எத்தனை லிட்டர். ஒரு நாள் விடாமல் ஆறு வருடம். என் கோழிகள் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கின்றன என்று யாராவது கேட்டால் நான் வானத்தைத்தான் பார்க்க வேண்டும். இதற்கா இத்தனை ஆட்டம் என்று முணுமுணுத்துக்கொண்டு மறுபடியும் தொட்டியைத் தாண்டி வெளியே வந்தேன்.

வரும் வழியிலேயே ஒரு தண்ணீர் மீட்டரும் ஒரு நோட்டும் வாங்கினேன். "யார் சொன்னாங்க உங்களுக்கு?" என்று மனைவி கேட்டாள். "எனக்கே தோணுச்சு" என்றேன்.

புதன் ஆயிரத்து முந்நூறு லிட்டர். வியாழனும் வெள்ளியும் கிட்டத்தட்ட அதேதான். சனிக்கிழமை ஆயிரத்து நூறாகக் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை தொள்ளாயிரம்கூட வரவில்லை. வெயில் என்னவோ கொளுத்தியது.

"மீட்டர் கெட்டுப்போயிருக்கும். மலிவா இருந்தா யோசிக்காம வாங்குவீங்களே" என்றாள் மனைவி.

மீட்டர் கெடவில்லை. ஞாயிறு மாலை ஷெட்டில் சத்தம் குறைந்திருந்தது. ஆறாயிரம் கோழி இருக்கும் இடத்தில் நான் செருமினால் எனக்கே கேட்டது. முட்டைத் தட்டில் ஓடில்லாத தோல்முட்டைகள் முப்பதுக்கு மேல் கிடந்தன. திங்கள் காலை ஒரே மூலையில் பத்தொன்பது செத்துக் கிடந்தன. கொண்டை நீலம், முகம் வீக்கம், கால்களில் செதிலுக்கு அடியில் சிவப்புத் திட்டு.

"வெள்ளைக்கழிச்சலா இருக்குமோ?" என்றாள் மனைவி.

"அதுக்கு ஊசி போட்டாச்சே. கிட்ட வராத. கையால தொடாத."

கோழி வியாபாரிக்கு எப்படித்தான் தெரிந்ததோ, மத்தியானமே போன். "மிச்சத்தை அப்படியே லாரில ஏத்தி விட்டுடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?" ஒரு நிமிடம் சபலப்பட்டேன், பொய் சொல்வானேன். அதற்குள் இன்னும் ஏழு விழுந்தன. கால்நடை மருத்துவமனைக்குப் போன் செய்தேன்.

டாக்டரம்மா வந்தார். முகமூடியும் கையுறையுமாகச் செத்த கோழிகளின் தொண்டையிலும் பின்பக்கத்திலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துக்கொண்டு, கேட்டைச் சாத்தச் சொன்னார். முட்டை, எரு, வண்டி, ஆள் எதுவும் வெளியே போகக்கூடாது. புதன்கிழமை முடிவு வந்தது. பறவைக் காய்ச்சல், காட்டு வாத்து எச்சத்திலிருந்து தொற்றியிருக்கும் என்றார். உயிரோடு இருப்பது உட்பட எல்லாக் கோழிகளையும் கொன்று புதைக்க வேண்டும். சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் வீட்டுக் கோழி ஒன்றுகூட மிஞ்சாது. அதற்கு அப்பால் உள்ள பண்ணைகளை வரிசையாகச் சோதிப்பார்கள், ஒரு வாரம் ஆகும். எங்கள் இருவருக்கும் மாத்திரை கொடுத்து, காய்ச்சல் வந்தால் உடனே சொல்லச் சொன்னார். பிறகு ஒரு படிவத்தை எடுத்தார்.

"பதினாலு நாளுக்குள்ள வேற பண்ணை எதுக்காவது போனீங்களா? போயிருந்தா அதைத்தான் முதல்ல பாக்கணும்."

மனைவி பக்கத்தில் நின்றாள்.

"எங்கேயும் போகலை" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

வெள்ளை உடுப்புக்காரர்கள் வேலையை ஆரம்பித்தபோது நான் வீட்டுக்குள் இருந்தேன். ஜன்னலைச் சாத்தியும் கேட்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கவில்லை. அப்போதுதான் சோப்பு போன் செய்தான்.

"கேள்விப்பட்டேன் சகலை. மனசை விட்றாதீங்க. என்கிட்ட மூணாம் நம்பர் ஷெட்டுல இளங்கோழி இருக்கு. உங்க ஷெட்டைச் சுத்தம் பண்ணி முடிச்சதும் ரெண்டாயிரம் எடுத்துக்கோங்க. சும்மா எடுத்துக்கோங்க, நமக்குள்ள என்ன?"

என் ஆறாயிரமும் குழிக்குள் போய்க்கொண்டிருக்க, இவன் எனக்கு இரண்டாயிரம் போடுகிறான்! மாமனார் இதையும் ஊரெல்லாம் சொல்லுவார். பெரியவருக்குச் சின்னவர்தான் கைகொடுத்தார் என்பார். அந்த நொடியில் ஒன்று தோன்றியது. நான் வாயைத் திறந்தால் அவனுடைய பன்னிரண்டாயிரமும் போகும். தோன்றியதும் நெஞ்சில் குளுகுளுவென்று இருந்தது. இதை மறைத்தால் நான் சொல்வது எல்லாமே பொய்.

அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் எனக்கே பயம் வந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் பொறாமையில் சொன்னேன் என்பார்கள். இல்லை என்று நெஞ்சில் கை வைத்து என்னால் சொல்ல முடியாது. சொல்லாவிட்டாலோ, திருட்டுத்தனமாக வேலி தாண்டியது யாருக்கும் தெரியாமல் போகும், என் மானம் மிஞ்சும். ஆனால் கொழுந்தியாள் தினமும் இரண்டு வேளை வெறும் கையால்தான் முட்டை பொறுக்குகிறாள். எனக்கும் மனைவிக்கும் கொடுத்த மாத்திரை மேஜைமேல் இருந்தது.

"சகலை, லைன்ல இருக்கீங்களா?"

"ரெண்டாம் நம்பர் ஷெட்டுல தண்ணி எவ்வளவு?" என்றேன்.

"என்னது?"

"நேத்து எத்தனை லிட்டர் குடிச்சுதுன்னு நோட்டைப் பாத்துச் சொல்லுங்க."

அவன் நடக்கும் சத்தம் கேட்டது. காகிதம் புரண்டது. "கொஞ்சம் குறைஞ்சிருக்கு. முந்தாநாளும்தான். இங்க மழைத் தூறல் இருந்துச்சு, அதனாலன்னு..." நிறுத்தினான். "நான் தண்ணி எழுதுறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கட்டம் போட்ட நோட்டு. பச்சைக் கயிறு. போன வாரம் செவ்வாக்கிழமை, நீங்க பல் பிடுங்கப் போனப்ப வந்தேன். குளத்துச் சேத்தோட வந்தேன்."

நோட்டை மூடும் சத்தம் கேட்டது.

"தொட்டியில கால் வச்சீங்கதானே?" அந்தக் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்று ஏங்கினான்.

"தாண்டிட்டேன்."

"சரி" என்றான். "அவளை ஷெட்டுலேர்ந்து வெளிய வரச் சொல்றேன். டாக்டரை நான் கூப்பிட்டுக்கறேன்." போனை வைத்துவிட்டான்.

அன்றைக்கே போய் மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். இரண்டாம் நம்பர் ஷெட்டில் மட்டும் நோய் இருந்தது. ஒரு ஷெட்டில் இருந்தாலும் பண்ணை முழுக்க அழிக்க வேண்டும் என்பது விதி. மூன்று ஷெட்டும் காலியாயின. இளங்கோழிகளும் போயின. சீக்கிரம் தெரிந்ததால் அவனைச் சுற்றியிருந்த பெரிய பண்ணைகள் தப்பின என்று டாக்டரம்மா சொன்னார். கொழுந்தியாளுக்குக் காய்ச்சல் வரவில்லை.

"யார் கண்ணு பட்டுச்சோ" என்று அவள் போனில் அழுதபோது, என் மனைவியும் சேர்ந்து அழுதாள். நான் கூடத்தில் உட்கார்ந்து என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரைத் தவிர வேறு யாரிடமும் சோப்பு மூச்சுவிடவில்லை, தன் மனைவியிடம்கூட. காட்டு வாத்துதான் காரணம் என்று மாமனார் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவன் என்னை நாலு பேர் முன்னால் நாறடித்திருந்தால் நான் நிம்மதியாக அவனை வெறுத்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டான். பெரிய மனுஷன் பட்டமும் அவனுக்கே.

இரண்டு மாதம் கழித்து, தடை நீங்கியதும், அவன் பண்ணைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க என்று சொல்லிக்கொண்டுதான் கிளம்பினேன். பலகை அதே இடத்தில் தொங்கியது. கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தேன். இளைத்திருந்தான். பூட்டுகூடப் போடவில்லை, கேட்டை அகலத் திறந்தான்.

"வாங்க சகலை. உள்ள வாங்க."

"மூணு நாள்..." என்று இழுத்தேன்.

"கோழியே இல்லை, இனி என்ன மூணு நாள் கணக்கு? தாராளமா வாங்க."

இரண்டாம் நம்பர் ஷெட் வாசலில் தொட்டி இருந்தது. காலி ஷெட்டுக்கும் அன்றைய மருந்தை ஊற்றி வைத்திருந்தான், பழக்க தோஷம். இரண்டு காலையும் உள்ளே வைத்து நின்றேன். செருப்புக்குள் மருந்து ஏறி விரல்கள் ஜில்லிட்டன. போதும் என்று அவன் சொல்லவில்லை. நானாக வெளியே வரும்வரை காத்திருந்தான்.

உள்ளே கழுவிச் சுண்ணாம்பு பூசியிருந்தது. கூண்டுக் கம்பிகள் பளபளத்தன. நான் இரண்டு மாதம் தேய்த்தும் என் ஷெட்டில் இந்தச் சுத்தம் வரவில்லை. அங்கே நின்றுகொண்டும் எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

"நல்லாப் பாருங்க" என்றான் சகலை. "ஆறு வருஷத்துக்கு முன்னாடியே கேட்டீங்களே."

பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.