நட, ஓடாதே

மார்ச் மாதம் பதினேழாம் நாள், திங்கட்கிழமை. வானம் முழுவதும் மேகம் கவிந்திருந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. மின்விசிறி செய்யும் தொழிற்சாலைக்குள் இருந்தவர்களே விசிறிக்கு ஏங்கும் அளவிற்குப் புழுக்கம் நிலவியது.

வைண்டிங் பிரிவில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றும் பெண்களுள் மிக வேகமான விரல்களை உடையவள் மின்னல். மிக மெதுவானவள் நத்தை. இருவருக்கும் ஒரே மேசை. ஒருமுறை எல்லோரும் உற்சாகமாகச் சுற்றித் தள்ளியபோது, மறுவாரமே நிர்வாகம் இலக்கை உயர்த்திவிட்டது. அன்று சூடுபட்ட பெண்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டனர். முன்னதாக முடித்தவள் இலக்குக்கு மேல் மிஞ்சிய சுருள்களை மேசைக்கடியில் துணியால் மூடி வைப்பாள். பின்தங்கியவளின் கூடையில் அவை சத்தமின்றிச் சேரும். எவளாவது வேகமெடுத்தால் பக்கத்திலிருப்பவள் முணுமுணுப்பாள்: "நட, ஓடாதே."

இந்த ஏற்பாட்டை உடைத்தவள் மின்னலே. உடைக்கச் சொன்னவன் அவளுடைய தம்பி. அவள் கம்பி சுற்றிப் படிக்கவைத்த அவன், அதே தொழிற்சாலையில் பொறியாளனாக அமர்ந்திருந்தான். அரசாங்கம் இறக்குமதி வரியைக் குறைத்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சமையலறை வாசற்படியில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, வெளிநாட்டு விசிறி கப்பல் கப்பலா வந்து இறங்குது. தலைக்கு இத்தனைன்னு நாம உயரலேன்னா கேட்டை இழுத்து மூடிடுவாங்க."

"அதென்னடா தலைக்கு?"

"மொத்த உற்பத்தியை ஆட்களோட எண்ணிக்கையால வகுக்கணும். அதுக்குப் பேருதான் உற்பத்தித்திறன். உங்க பொண்ணுங்க கையில இன்னும் வேகம் இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"வேகமாச் செஞ்சா யாருக்கும் வேலை போகாதே?"

"என்னக்கா இது! நான் உன் தம்பி. ஒரு தலைகூட உருளாது."

அவள் நம்பினாள். மறுநாள் மேசை மேசையாகச் சென்று, மேசைக்கடித் துணியை எடுத்துவிடுமாறு கேட்டுக்கொண்டாள். மற்றவர்கள் முகம் சுளித்தனர். நத்தைதான் முதலில் தலையாட்டினாள்.

"என்னைப் போய் ஓடச் சொல்றியேடி! நத்தை ஓடினா முதுகுல இருக்கற வீட்டை யார் தூக்குவா?" என்று சிரித்தாள். "சரி, உன் தம்பி சொன்னா யோசிப்பேன். நீ சொல்றதால ஓடறேன்."

ஓடினார்கள். தொழிற்சாலையின் உற்பத்தித்திறன் கிடுகிடுவென்று உயர்ந்தது. சீர்திருத்தம் பலனளித்துவிட்டதாக மேலாளர் மேடையேறிப் பேசினார். நத்தையின் கட்டைவிரல் வீங்கியது. அதையும் அவள் துணி சுற்றி மறைத்துக்கொண்டாள்.

அந்தத் திங்கட்கிழமை பிற்பகலில் தம்பி பிரிவிற்குள் வந்தான். எவர் முகத்தையும் பாராமல், சன்னலோர மேசைகள் மட்டும் நாளை முதல் இயங்கும் என்றும், மற்றவர்கள் இன்றே அலுவலகத்தில் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றும் கூறினான். பின்னர் மின்னலை ஓரமாக அழைத்தான்.

"உனக்கு சன்னலோரம் இடம் போட்டுட்டேன். நீ பயப்படாதே."

"அவளுக்கு?" என்று மின்னல் நத்தையின் பக்கம் கண்காட்டினாள்.

அவன் கையிலிருந்த பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"ஒரு தலைகூட உருளாதுன்னியேடா!"

"விற்கிற விசிறி கூடலையே, அக்கா. இருக்கிற வேலைக்குப் பாதி ஆளே போதும்னு நீங்கதானே செஞ்சு காட்டினீங்க? உற்பத்தி கூடினாலும் ஈவு கூடும். வகுக்கிற எண் குறைஞ்சாலும் ஈவு கூடும். கணக்கு அவ்வளவுதான்."

"அப்போ என் இடத்துல அவளை வை."

"அது எப்படி? வேகம் உன்கிட்டதானே இருக்கு!"

"அந்த வேகத்தை உனக்குக் காட்டிக்கொடுத்தவளே நான்தான்டா, பாவி!"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தான். தான் தூக்கி வளர்த்த பிள்ளையின் முதுகை முன்பின் அறியாத ஒருவனின் முதுகைப் போல அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேலை முடிந்து வாயிலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை அனைவரும் நத்தையின் நடைக்கேற்பவே நடப்பது வழக்கம். எந்த மேசையும் விதிக்காத ஏற்பாடு அது. அன்று நத்தை உணவுப்பெட்டியையும், இருக்கையில் போட்டு உட்காரும் பழைய மெத்தைத் துண்டையும் இடுப்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மின்னலைக் கண்டாள். கண்டதும் விடுவிடுவென்று நடக்கலானாள். அத்தனை வேகம் அவளுக்குள் இருந்ததை மின்னல் அதுவரை கண்டதில்லை.

"ஏய், நட! ஓடாதே!" என்று பின்னாலிருந்து கத்தினாள்.

நத்தை நின்றாள், திரும்பவில்லை.

"ஓடச் சொன்னவளே நீதானேடி," என்றாள்.

பேருந்து வந்தது. வீங்கிய கட்டைவிரலைக் கம்பியில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, நத்தை எல்லோருக்கும் முன்பாக ஏறிக்கொண்டாள். மின்னல் ஏறவில்லை. அப்போது மாலை மணி ஐந்து இருபத்திரண்டு.